ஸ்வெத்லானா வழி தவறவில்லை

எனக்கு இயந்திரங்கள்மேல் எந்தக் கோபமும் கிடையாது. எங்கள் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் பதினோரு வருடமாக ஓடுகிறது. அதை நான் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. வரும் சனிக்கிழமை உங்கள் பெரியவர்கள் மன்றத்தில் ஒரு வழக்கு வருகிறது. கார்ச் சந்தையில் கடை வைத்திருக்கும் ராயிம்பெர்தி தனக்குக் கெட்டுப்போன வழிகாட்டிக் கருவியை விற்றுவிட்டார் என்று என் மைத்துனன் மெலிஸ் புகார் கொடுத்திருக்கிறான். அந்தக் கருவி எங்கள் குடும்பத்தைச் சாவு வீட்டுக்குப் பதிலாக வேறொரு வீட்டுக்குக் கொண்டுபோனது உண்மை. ஆனால் அதில் எந்தக் குறையும் இல்லை. நடந்ததை என் கையாலேயே எழுதித் தருகிறேன். படித்து முடிக்கும்போது நான் நியாயமான ஆள் என்பது உங்களுக்கே தெரியும்.

என் பெயர் ஷார்ஷென்பெக். பிஷ்கெக்கில் இருபத்திரண்டு வருடம் மினிபஸ் ஓட்டினேன். ஒரு கண்ணில் புரை விழுந்ததும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் மனைவி வீட்டார் எங்கே போனாலும் காரின் முன்னிருக்கை எனக்குத்தான். யாரும் கூடிப் பேசிக் கொடுக்கவில்லை. கதவைத் திறப்பேன், உட்காருவேன், அவ்வளவுதான்.

மெலிஸின் வண்டி ஜப்பானிலிருந்து வந்த ஏழு இருக்கை வேன். நம் ஊரில் பாதி வண்டிகளைப் போல அதற்கும் ஸ்டியரிங் வலப்பக்கம். முன்னால் லாரி போனால் ஓட்டுகிறவனுக்கு எதிர்ச் சாலை தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவன்தான் எட்டிப் பார்த்து "போ" அல்லது "இரு" என்று சொல்ல வேண்டும். ஏழு உயிர்கள் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. அதை ஒற்றைக் கண்ணோடு ஆறு வருடம் சொன்னேன். ஒருவரும் சாகவில்லை. இரண்டு முறை பக்கக் கண்ணாடி போனது.

வழியும் நான்தான் சொல்வேன். நாம் எல்லோரும் சொல்வது போலத்தான்: மலைப் பக்கம் என்றால் மேலே, ரயில் பாதைப் பக்கம் என்றால் கீழே. "பழைய செருப்பு ஃபாக்டரில மேல திரும்பு" என்றால் போதும். செருப்புத் தொழிற்சாலையை இடித்துப் பன்னிரண்டு வருடமாகிறது; அங்கே இப்போது பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. அது ஒரு பிரச்சினையே இல்லை. மெலிஸ் அதைப் பிரச்சினையாக்கினான்.

"அத்தான், செருப்பு ஃபாக்டரி எங்க? எனக்குப் பல்லுதான் தெரியுது."

"பல்லுக்கு அடியிலதான் இருக்கு. திரும்புடா கழுதை."

"தாண்டியாச்சு. முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"முன்னாடியே சொன்னா நீ மறந்துருவ."

நடு வரிசையில் என் மனைவியின் அக்கா சாய்ராகுல் இருந்தாள். அவளுக்கு வண்டியில் போனால் வாந்தி வரும், வாய் மட்டும் நிற்காது. "ஒரு நேவிகேட்டர் வாங்கித் தொலைடா தம்பி," என்றாள். "அது பாட்டுக்குச் சொல்லும். யாரையும் கழுதைங்காது. வெங்காய வாடையும் அடிக்காது."

என் மனைவி புருல்சா சிரித்தாள். கண்ணாடியில் பார்த்தேன்.

எந்தக் கருவியை வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மெலிஸ் என்னிடமே விட்டான். "நீங்கதான் பாத்துச் சொல்லணும் அத்தான். இருபத்திரண்டு வருஷம் ஓட்டுனவரு." மரியாதையாகத்தான் கேட்டான். நானும் மரியாதையாகவே ஏற்றுக்கொண்டேன். ஒரு வாரம் எடுத்து எல்லாவற்றையும் சோதித்தேன்.

வண்டியோடு வந்த திரை ஒன்று ஏற்கெனவே இருந்தது. அது ஜப்பானிய மொழி பேசும். சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் குரல் நீளமாக ஏதோ சொல்லும். வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்து மெலிஸ் முதல் இரண்டு வருடம் தலையாட்டிக்கொண்டிருந்தான். சுங்கச்சாவடி அட்டையைச் செருகவில்லை என்று அவள் தினமும் திட்டுகிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தத் திரையில் எங்கள் வண்டி எப்போதும் கடலுக்குள் நிற்கும். நம் நாட்டுக்குக் கடலே கிடையாது. எனக்கு அதன்மேல் ஒரு பிரியம் இருந்தது. ஆனால் அதைச் சிபாரிசு செய்தால் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

அடுத்தது கைப்பேசி. அது வழி நன்றாகவே காட்டியது. சரியாகத் திரும்பும் இடத்தில் சாய்ராகுல் கூப்பிட்டாள். வரைபடம் போய் அவள் முகம் வந்தது. மெலிஸ் தர்பூசணி வண்டியில் இடித்தான். கைப்பேசியும் வேண்டாமென்று விட்டோம்.

மூன்றாவதை ராயிம்பெர்தியின் கடையில் பார்த்தோம். உள்ளங்கை அளவு. முன் கண்ணாடியில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். ரஷ்ய மொழியில் ஒரு பெண் பேசினாள். ராயிம்பெர்தி ஒளிக்காமல் சொன்னார்: "அண்ணே, இதுல இருக்கிற வரைபடம் அஞ்சு வருஷம் பழசு. புது சுத்துச்சாலை எதுவும் இதுக்குத் தெரியாது. வேற காட்டட்டுமா?"

"இதுவே இருக்கட்டும்," என்றேன்.

அதைத்தான் சிபாரிசு செய்தேன். காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். கடையில் இருந்ததிலேயே மோசமானது அதுதான். ஒரு வாரத்தில் அவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். அனுபவமுள்ள மனிதன் பொறுமையாக இருப்பான்.

ராயிம்பெர்தி நல்லவர். இந்த வழக்கின் கஷ்டமே அதுதான். நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அவராகவே அதைக் கணினியில் மாட்டிப் புது வரைபடத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டார். கேட்காமல் உதவி செய்கிறவர்களால் இப்படித்தான் சிக்கல் வருகிறது.

மெலிஸ் அவளுக்கு ஸ்வெத்லானா என்று பேர் வைத்தான். மூன்றாம் வகுப்பில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரின் பேர். அவள் "முந்நூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்" என்பாள். இருநூறில் ஒரு முறை சொல்வாள். நூறிலும் சொல்வாள். அவன் தவறவிட்டால் "முடிந்தால் வண்டியைத் திருப்பவும்" என்பாள். குரல் ஏறாது.

"பாத்தீங்களா," என்றாள் என் மனைவி. முப்பத்தோரு வருடமாக என்னோடு குடும்பம் நடத்துபவள். "எவ்ளோ பொறுமை. இவளத்தான் நீங்க கட்டியிருக்கணும், கொஞ்சம் தேறியிருப்பீங்க."

"கட்டியிருந்தா அவ இப்போ வாயில்லாம இருப்பா," என்றான் மெலிஸ். மனைவியின் தம்பி அத்தானைக் கிண்டல் பண்ணலாம். நம் வழக்கம் அனுமதிக்கிறது. நானும் சிரித்தேன்.

அடுத்த பயணத்தில் கதவைத் திறந்தால் முன்னிருக்கையில் சாய்ராகுல் உட்கார்ந்திருந்தாள். "முன்னாடி உக்காந்தா வாந்தி வராதாம் தம்பி. டாக்டரு சொன்னாரு. வழிதான் இப்போ அவ சொல்றாளே, நீங்க பின்னாடி நிம்மதியா தூங்குங்க."

நடு வரிசையில் பிள்ளைகள். எனக்கு மூன்றாம் வரிசை. அங்கே முழங்காலை மடக்கித் தாடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜன்னல் திறக்காது. பின்னால் சாமான் வைக்கும் இடம். விசேஷத்துக்குப் போனால் அங்கே ஆடு நிற்கும். நாங்கள் அந்தக் கோடையில் நான்கு விசேஷத்துக்குப் போனோம். நான்கு ஆடுகள் என் பிடரியில் மூச்சு விட்டன. லாரி வந்தால் சாய்ராகுல் கண்ணை மூடிக்கொண்டு "போ, போ" என்பாள். இதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருந்திருந்தால்தான் குற்றம்.

செப்டம்பரில் தாய்மாமா காச்கின்பாய் இறந்தார். என் மனைவிக்கும் சாய்ராகுலுக்கும் மெலிஸுக்கும் அம்மாவின் தம்பி. தாய்மாமா என்றால் என்னவென்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. மெலிஸுக்கு முதல் முறை தலைமுடி எடுத்தவர். அவர் குழிக்கு அக்கா மகன் கையால் மண் விழ வேண்டும். மாமா போன வருடம்தான் பெரிய மகனோடு கிழக்கே ஒரு புதுக் குடியிருப்புக்குப் போனார். எங்களில் ஒருவரும் அங்கே போனதில்லை. மகன் வீடு இருக்கும் இடத்தின் வரைபட எண்களைக் கைப்பேசியில் அனுப்பியிருந்தான். ஒரு மணிக்கு அடக்கம்.

காலையில் மெலிஸும் பிள்ளைகளும் ஆட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆடு ஒத்துழைக்கவில்லை. மெலிஸ் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். "அத்தான், இந்த நம்பர ஸ்வெத்லானாகிட்ட போடுங்க."

வண்டியில் ஏறினேன். சாய்ராகுல் இன்னும் வரவில்லை. முன்னிருக்கையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன்.

என் கைப்பேசியிலும் ஒரு இடத்தின் எண்கள் இருந்தன. என்னோடு மினிபஸ் ஓட்டிய அசான்குலின் அப்பா மாம்பெத்தாலிக்கு அன்று எண்பதாம் பிறந்தநாள். மேற்கே நாற்பது கிலோமீட்டர். எனக்கு அழைப்பு வந்திருந்தது. நான் அந்த எண்களைப் போட்டேன்.

என் எண்ணம் என்ன என்று கேட்பீர்கள். கருவியும் தவறும் என்பதை ஒரே ஒரு முறை அவர்கள் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். போய் இறங்கியதும் தப்பான இடம் என்று தெரியும், "ஐயையோ, ஷார்ஷென்பெக்கைக் கேட்டிருக்கலாமே" என்பார்கள், திரும்பி வருவோம். அடக்கத்துக்கு நேரம் இருந்தது. கணக்குச் சரியாகத்தான் போட்டேன்.

ஒன்று மட்டும் உண்மை. சாவு வீட்டுக்குப் போகும் நம் ஆண்கள் இறங்கிய பிறகு பார்த்து அழுவதில்லை. கூடாரம் கண்ணில் பட்டதுமே வண்டியிலிருந்து குதித்து, இடுப்பில் கை வைத்து, உரக்கக் கதறிக்கொண்டே ஓட வேண்டும். தலை நிமிர்ந்து யார் எவர் என்று பார்ப்பது மரியாதை இல்லை. இது எனக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும்.

வண்டி மேற்கே போகிறதே என்று மெலிஸ் ஒரு முறை கேட்டான்; புதுச் சுற்றுச்சாலை வழியாகக் கொண்டுபோகிறாள், அவளுக்குத் தெரியாதா என்றாள் சாய்ராகுல். பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தார்கள். அடுப்புகளில் புகை. ஐம்பது அறுபது ஆண்கள் வெள்ளைத் தொப்பியோடு நின்றிருந்தார்கள். அந்தத் தெருவில் மின்சாரம் இல்லாததால் பாட்டு ஓடவில்லை. பார்ப்பதற்குச் சாவு வீடு போலவே இருந்தது. "நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது," என்றாள் ஸ்வெத்லானா.

மெலிஸ் குதித்தான். "என் மாமாவே, என் பொன்னான மாமாவே, என் மலை சாஞ்சுபோச்சே," என்று கதறிக்கொண்டு ஓடினான். மூன்றாம் வரிசையிலிருந்து இறங்கக் கொஞ்சம் நேரமானாலும் நானும் ஓடினேன். அத்தான் அழவில்லை என்றால் பேச்சு வரும். உண்மையைச் சொன்னால் அன்று என் குரல்தான் பெரிது.

நான் கணக்கில் எடுக்காதது இது: யாராவது கதறிக்கொண்டு வந்தால் எதிரே நிற்பவர்களும் கதற வேண்டும். அதுவும் நம் வழக்கம்தான். பிறந்தநாளுக்கு வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அறுபது பேரும் அழ ஆரம்பித்தார்கள். யார் செத்தது என்று அவர்களுக்குத் தெரியாது. நம் உறவில் யாரோ போய்விட்டார், செய்தி கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். கேட்பது நாகரிகமில்லை. முதலில் நிறுத்துவதும் நாகரிகமில்லை. கால் மணி நேரம் போனது. மெலிஸை ஆறு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு நேராகக் கூடாரத்துக்குள் போய்விட்டார்கள். உள்ளே கிழவர் மாம்பெத்தாலி புது அங்கியோடு பஞ்சு மெத்தையில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே பலூன்கள். என் மனைவி நிமிர்ந்து பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஒப்பாரியை எடுத்துவிட்டாள். அவளுக்கு நல்ல குரல். மாமா பசியென்று வந்தவனைத் திருப்பி அனுப்பாதது, பனியில் மூன்று நாள் நடந்து அவள் கல்யாணத்துக்கு வந்தது, தன் குதிரையை விற்று அக்கா பிள்ளைகளுக்குக் குளிர்கால பூட்ஸ் வாங்கியது, எல்லாவற்றையும் பாடினாள். கிழவருக்குக் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"இந்தப் பொண்ணு யாரு மக?" என்று மருமகளைக் கேட்டார்.

"தெரியல மாமா."

"என்னப் பத்தி எவ்வளவு நல்லாப் பேசுறா. நீங்க ஒருத்தராவது இப்படிப் பேசியிருக்கீங்களா?" கொஞ்சம் யோசித்தவர், "நான் இன்னும் சாகலதானே?" என்று கேட்டார்.

சாய்ராகுல் அப்போதுதான் நிமிர்ந்தாள். பலூனைப் பார்த்தாள். அவளுக்கு வாந்தி வந்தது.

வெளியே அசான்குல் என்னைக் கட்டிப்பிடித்து என் காதில் கேட்டான்: "ஷார்ஷென், யாருடா?"

"பெண்டாட்டியோட தாய்மாமா," என்றேன். பொய் சொல்லவில்லை.

அவன் உடைந்துபோனான். "உன் வீட்டுல சாவு விழுந்தும் எங்கப்பன் பொறந்தநாள மதிச்சுக் குடும்பத்தோட வந்திருக்கியே. நீ மனுஷன்டா." அதை எல்லோரிடமும் சத்தமாகச் சொன்னான். எனக்கு ஒரு அங்கி போர்த்தினார்கள். விஷயம் புரிந்த மெலிஸ் வெளுத்த முகத்தோடு "போகணும், ஒரு மணிக்கு மண்ணு போடணும்" என்று கெஞ்சினான். ஆனால் அப்படிப்பட்ட விருந்தாளியைச் சாப்பிடாமல் அனுப்புகிற வீடு நம் நாட்டில் உண்டா? எங்கள் ஆட்டை ஏற்கெனவே இறக்கி, பிறந்தநாள் பரிசு என்று நினைத்து அறுத்துவிட்டார்கள். அது வேகும்வரை இருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் ஆடாயிற்றே. மெலிஸின் கைப்பேசி வண்டியில் சார்ஜில் கிடந்தது. மாமாவின் மகன் ஒன்பது தடவை கூப்பிட்டிருந்தான்; பிறகு அவனிடம் வழி கேட்டுக் கேட்டுத்தான் மெலிஸ் ஓட்டினான்.

அது எப்படி உங்கள் சிநேகிதன் வீடாக இருந்தது என்று மெலிஸ் வழியில் கேட்டான்; இருபத்திரண்டு வருடம் மினிபஸ் ஓட்டியவனுக்கு எந்தத் தெருவில்தான் ஆள் இல்லை என்றேன், நம்பினான். மாமா வீட்டை அடைந்தபோது இரண்டே முக்கால். எங்களுக்காக உடலை ஒரு மணி நேரம் வைத்துக் காத்திருந்து, பிறகு புதைத்துவிட்டார்கள். நாங்கள் போனபோது ஆண்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோடு வர வேண்டிய நாங்கள் அரை கேக்கோடு இறங்கினோம். என் தோளில் பூப்போட்ட அங்கி இருந்தது. மாமி மெலிஸைப் பார்த்து, "வந்துட்டியாப்பா. கேக்கெல்லாம் கொண்டாந்திருக்க," என்று மட்டும் சொன்னாள்.

என் மனைவி கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. இருந்ததையெல்லாம் காலையில் பாடித் தீர்த்துவிட்டாள். மாமாவின் மருமகள்கள் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் வயதாகிறது, முன்புபோலத் தொண்டை தாங்குவதில்லை.

திரும்பும் வழியில் பெரிய கால்வாய்ப் பாலத்தில் மெலிஸ் வண்டியை நிறுத்தினான். கருவியைக் கண்ணாடியிலிருந்து பிடுங்கினான். "அஞ்சு மாசமா உன்ன நம்பினேனே," என்று அதனிடம் சொன்னான். அவளுக்கு இன்னும் மின்கலத்தில் உயிர் இருந்தது. தண்ணீரில் விழும்போது "முடிந்தால் வண்டியைத் திருப்பவும்" என்றாள். நான் சிரிக்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சாய்ராகுல் தானாகவே பின்னால் போய் உட்கார்ந்தாள். மெலிஸ் முன் கதவைத் திறந்துவிட்டான். "உக்காருங்க அத்தான். உங்களக் கேட்டிருக்கணும்."

ஆக, நான் எதிர்பார்த்தது நடந்தது. ஐந்து வாரமாக முன்னிருக்கையில்தான் இருக்கிறேன். யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லை, மாமா மகன்கள் மெலிஸோடு பேசுவதில்லை என்பதைத் தவிர.

பிறகு ஏன் இப்போது இதை எழுதுகிறேன் என்றால், வியாழக்கிழமை மெலிஸ் என் வீட்டில் இருந்தபோது ராயிம்பெர்தி வந்தார். மெலிந்துபோயிருந்தார். "அண்ணே, சந்தையில தலைகாட்ட முடியல. பக்கத்துக் கடைக்காரனுங்க தெனம் காலையில என் கடை வாசலுக்கு வந்து இடுப்புல கைய வச்சு ஒப்பாரி வச்சுட்டுப் போறானுங்க," என்றார். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். எனக்கு அவர்மேல் இரக்கம் இருந்தது. ஆனால் வாக்குமூலம் எழுதும் அளவுக்கு இல்லை.

அப்போது அவர் சொன்னார்: சனிக்கிழமை மன்றம் தன்மேல் குற்றம் என்று சொன்னால், ஈடாக மெலிஸுக்குப் புதுக் கருவி ஒன்றைத் தருவாராம். பெரிய திரை. நம் கிர்கிஸ் மொழியில் பேசும். தெருக்களின் பழைய பேர்கள் தெரியும். மேலே கீழே என்று சொன்னால் புரிந்துகொள்ளும். வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளுக்கென்றே இடப்பக்கம் ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். லாரிக்கு முன்னால் வருவதைப் பார்த்து "போ", "இரு" என்று சொல்லுமாம்.

மெலிஸ் தலையைச் சொறிந்தான். "மன்றம் சொன்னா வாங்கிக்கிறேன்ண்ணே."

அந்த நிமிடத்தில்தான் என் மனசாட்சி விழித்தது. நிரபராதி ஒருவர் தண்டிக்கப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எண்களை மாற்றிப் போட்டவன் நான். ஸ்வெத்லானா சொன்ன இடத்துக்குச் சரியாகவே கொண்டுபோனாள். ராயிம்பெர்தி எதையும் ஈடாகத் தரத் தேவையில்லை. தரவே கூடாது. இதை உங்கள் தீர்ப்பில் தெளிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வரும் செவ்வாய்க்கிழமை மாமாவின் நாற்பதாம் நாள். மெலிஸ் குடும்பத்தோடு போய் மன்னிப்புக் கேட்டாக வேண்டும், நேரத்துக்குப் போயாக வேண்டும். இதைப் படித்த பிறகு அவன் கொஞ்சம் கோபப்படலாம். கோபம் தணிந்ததும் யோசிப்பான், வண்டியில் வழி சொல்ல இப்போது யாருமில்லை என்பது புரியும். எட்டு மணிக்கு அவன் வாசலில் நிற்பேன். முழு உண்மையையும் எழுத வேண்டும் என்பதால் இதையும் சேர்க்கிறேன்: அந்தக் குடியிருப்புக்கு எனக்கு வழி தெரியாது. அன்று போகும்போது மூன்றாம் வரிசையிலிருந்து எதுவும் தெரியவில்லை, திரும்பி வரும்போது நான் தூங்கிவிட்டேன். வழியில் யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம். மெலிஸ் இறங்கிப்போய்க் கேட்டு வரட்டும். நான் இருக்கையைப் பார்த்துக்கொள்கிறேன்.